நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது

ஏழு மணி சீரியலில் ஆம்புலன்ஸ்காரனாக வரும் நாயகன், மூச்சு நின்றுபோன ஒருவரைப் பிழைக்கவைக்கப் பதினான்கு விநாடி எடுத்துக்கொண்டான். அவள் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து நோட்டில் எழுதினாள். பதினான்கு விநாடி நெஞ்சை அமுக்கினான்; முழங்கை இரண்டும் மடங்கியிருந்தன; நோயாளி பஞ்சு மெத்தையில் கிடந்தார். பக்கத்தில் இருந்த மிஷினில் நேர்கோடு ஓடியது. நாயகன் இஸ்திரிப்பெட்டி மாதிரி இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தேய்த்தான், "எல்லாரும் தள்ளுங்க!" என்று கத்தினான், நெஞ்சில் வைத்தான். நோயாளி ஒரு முழம் எழும்பி விழுந்து கண்ணைத் திறந்தார். திறந்த கையோடு பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கணவனின் அக்கா, ஆறாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லித்தருகிறவள். வீட்டிலும் எல்லோரையும் ஆறாம் வகுப்பு மாதிரியே நடத்துவாள், இந்தச் சீரியல் நாயகனைத் தவிர.

"இதுல எத்தனை தப்பு கண்டுபிடிச்ச?" என்றாள்.

"ஆறு, அண்ணி."

"உனக்கு டிவி பாக்கவே தெரியல. நான் கூடத்தான் நாள் முழுக்கத் தப்பு திருத்திட்டு வரேன். வீட்டுக்கு வந்தா சிவப்பு மையை மூடி வைக்கிறேன்ல?"

"அவன் முடி கலையவே இல்லயே அண்ணி. மூணு மாடி ஏறி வந்திருக்கான்."

"முடியையும் எழுதிட்டியா? அப்ப ஏழு."

அவள் பன்னிரண்டு வருடமாக ஆம்புலன்ஸில் வேலை செய்கிறாள். வண்டியில் அவளுக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர். எதைச் செய்தாலும் எத்தனை நிமிடம் ஆனது என்று பார்ப்பாள். வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு சாண் கிழித்துக் கால்சட்டையின் தொடையில் ஒட்டிக்கொண்டு, போன நேரம், பார்த்த நேரம், மருந்து கொடுத்த நேரம் எல்லாவற்றையும் அதில் எழுதுவாள். ரத்தமும் வியர்வையுமாக இருக்கிற கையில் காகிதம் தங்காது. தொடை எங்கேயும் ஓடிப்போகாது.

இந்த வேலைக்கு அவளைக் கொண்டுவந்தது ஒரு கேள்வி. அதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஒருநாள் கடைவாசலில் ஒருவன் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டான். கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் காலைப் பார்த்து அலறியது. ஆம்புலன்ஸில் வந்த இருவரில் ஒருவர் அந்தக் காலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். கால் அங்கே கிடக்கும்போது இந்த ஆள் ஏன் கழுத்தைப் பிடிக்கிறார்? அன்று முழுக்க அவளுக்கு அதுதான் ஓடியது. யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி பயிற்சியில் சேருவதுதான் என்று ஆனது. சேர்ந்தாள். கால் உடைந்தால் ஒட்டவைக்கலாம், கழுத்தில் நரம்பு அறுந்தால் ஒட்டவைக்க முடியாது என்று மூன்றாவது நாளே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதற்குள் அவளுக்கு இன்னும் நாற்பது கேள்விகள் வந்துவிட்டிருந்தன.

சீரியல் நோட்டும் அப்படி ஆரம்பித்ததுதான். கிண்டல் செய்வதற்காக அவள் அதை எழுதவில்லை. இவர்கள் ஏன் இப்படிக் காட்டுகிறார்கள் என்று அறியவேண்டும், அவ்வளவே. நடிகர்கள் எல்லோரும் முழங்கையை மடக்கி அமுக்குவது ஏன் என்று இரண்டு மாதம் யோசித்தாள். ஒருநாள் வண்டியைக் கழுவும்போது பளிச்சென்று புரிந்தது. கீழே படுத்திருக்கும் நடிகர் உயிரோடு இருக்கிறார்! கையை நேராக நீட்டி, உடம்பின் எடை முழுக்க இறக்கி அமுக்கினால் அவருக்கு விலா எலும்பு உடையும். ஆக, முழங்கை மடங்குவது கருணை. அந்தத் தப்பை நோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் 'நியாயம்' என்று எழுதினாள்.

ஒரே ஒரு இடத்தில் சரி போட்டிருந்தாள். எண்பத்தி ஏழாவது எபிசோடில் ஸ்ட்ரெச்சர் மாடிப்படி இறங்கும்போது, முகமே தெரியாத ஒரு துணை நடிகர், நோயாளியின் தலை தாழாமல் கால் பக்கம் முன்னால் வரும்படி திருப்பினார். நாயகன் அதைக் கவனிக்கவில்லை, வசனம் பேசிக்கொண்டிருந்தான். அந்த ஆள் எங்கே கற்றுக்கொண்டார்? நம்மில் ஒருவராக இருந்தவரோ? அடுத்த எபிசோடில் அவரைத் தேடினாள். காணோம்.

மற்றபடி சீரியலில் வராதவைதான் அவளுடைய வேலை. அங்கே கேட் திறந்திருக்கும். இங்கே காவலாளி நோட்டை நீட்டி, "பேர், நேரம், எந்த வீடு, எழுதிட்டுப் போங்க" என்பார். அவரைத் திட்டி என்ன பயன்? எழுதாமல் விட்டால் அவர் வேலை போகும். அங்கே லிஃப்ட் வாயைத் திறந்து காத்திருக்கும். இங்கே சோபா நுழையுமா என்று அளந்து கட்டிய லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள். லிஃப்ட்டே இல்லாத கட்டடங்களில்தான் மூச்சுவாங்குகிற கிழவர்கள் ஐந்தாவது மாடியில் இருப்பார்கள். வாடகை அங்கேதான் குறைவு. நாயகன் ஒரு எபிசோடில் மூன்று பேரைப் பிழைக்கவைப்பான். அவள் பாதி நாட்கள் குளியலறையில் விழுந்தவர்களைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "யாரும்மா கூட இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆனால் மூன்று வாரமாக அந்த நோட்டை அவளால் பொழுதுபோக்காகப் பார்க்க முடியவில்லை. அவள்மேல் புகார் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை விசாரணை. விசாரணை எதிராகப் போனால் வேலை போகும். அவளும் டிரைவரும் வருடா வருடம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற ஒப்பந்த ஆட்கள். நிரந்தர ஊழியரை நீக்க ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். இவர்களை நீக்க ஒரு வரி போதும்.

நடந்தது இதுதான். காலை பத்தரைக்கு அழைப்பு. மூன்றாவது மாடி, டைல்ஸ் கடை முதலாளி, அறுபத்தி நான்கு வயது, சாப்பாட்டு மேசையிலிருந்து சரிந்துவிட்டார். அவளும் டிரைவரும் போய்ச் சேர்ந்தார்கள். டிரைவருக்குப் பட்டப்பெயர் 'கப்பல்'. குலுங்காமல் ஓட்டுவார், ஆனால் திரும்புவதற்கு இடம் நிறைய வேண்டும். வீட்டில் அவரைக் கட்டிலில் கிடத்தி, எட்டுப் பேர் சுற்றி நின்று விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவரைத் தரையில் இறக்கி, அவள் அமுக்க ஆரம்பித்தாள். கப்பல் ஷாக் பெட்டியைத் திறந்து, நெஞ்சில் இரண்டு ஒட்டுப்பட்டைகளை ஒட்டினார்.

அந்தப் பெட்டி பேசும். இதயத்தைத் தானே பார்த்து, ஷாக் கொடுக்கலாமா கூடாதா என்று ஆங்கிலத்தில், அவசரமே இல்லாத ஒரு பெண்குரலில் சொல்லும். கூடாது என்று அது சொல்லிவிட்டால் பொத்தானை எத்தனை முறை குத்தினாலும் ஷாக் வராது. அன்று கூடாது என்றது. பெட்டி சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வது வண்டிக்காரர்களின் வழக்கம். சத்தத்தில் ஒருவர் கேட்டு ஒருவர் கேட்காமல் போய்விடக் கூடாதே. அவளும் சொன்னாள், அடித்தொண்டையிலிருந்து, சுவரில் மோதித் திரும்பும்படி:

"ஷாக் வேண்டாம்! நான் அமுக்குறேன்!"

பன்னிரண்டு வருடமாகச் சொல்கிற வாசகம். அதை வீட்டுக்காரர்களும் கேட்பார்கள் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அன்று எட்டுப் பேரும் கேட்டார்கள். மூத்த மகன் கத்தினார்: "குடுங்கம்மா! பெட்டியக் கையில வச்சுக்கிட்டு வேண்டாங்கறீங்களே!" அவள் நிமிரவில்லை, எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் அவள், இரண்டு நிமிடம் கப்பல் என்று மாற்றி மாற்றி அமுக்கினார்கள். பெட்டி ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னது. அவளும் ஒவ்வொரு தடவையும் அதையே திருப்பிச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

புகாரில் மகன் எழுதியிருந்தார்: 'ஷாக் வேண்டாம் என்று அந்தப் பெண் தன் வாயாலேயே சொன்னார். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. நாங்கள் எட்டுப் பேரும் சாட்சி.'

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

வியாழக்கிழமை மாலை, சீரியல் விளம்பர இடைவேளையில், நாத்தனார் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்: "நான் ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. ஏன் ஷாக் குடுக்கல? குடுத்துத்தான் பாத்திருக்கலாமே. போற உயிர், ஒரு தடவை குடுத்தா என்ன குறைஞ்சிடப் போகுது?"

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குள்ளேயே இப்படி! காலை நீட்டிப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கணவன், மெல்ல எழுந்து சமையலறைப் பக்கம் நழுவினான். சண்டை வருகிறது என்றால் அவனுக்குத் தாகம் எடுத்துவிடும்.

அவள் கோபத்தை விழுங்கிக்கொண்டு சொன்னாள். "அண்ணி, ஷாக் நின்னுபோன இதயத்த ஓட வைக்கிறதுக்கு இல்ல. கண்டபடி துடிக்கிற இதயத்த ஒரு நொடி நிறுத்துறதுக்கு. சில சமயம் இதயம் நிக்கறதுக்கு முன்னாடி தாளமே இல்லாம உதறும். அப்ப ஷாக் குடுத்தா எல்லாம் ஒரே அடியா அடங்கும். அடங்கினதும் அது தன் தாளத்தத் தானே பிடிச்சுக்கும். நேர்கோடுன்னா உதறலே இல்ல. அடக்க அங்க ஒண்ணும் இல்ல."

நாத்தனார் நெற்றியைச் சுருக்கினாள். வகுப்பில் ஒரு பையன் புது வழியில் கணக்குப் போட்டுக் காட்டினால் இப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது.

"இரு, இரு. நாப்பது பசங்களும் ஒரே நேரத்துல கத்துறாங்க. நான் ஸ்கேலால மேசையில ஓங்கி ஒண்ணு போடறேன். எல்லாம் கப்சிப். அதுக்கப்புறம் பாடம் தானா ஓடும். அப்படியா?"

"அதே அண்ணி!"

"காலி வகுப்புல போய் மேசையத் தட்டினா?"

"ஸ்கேல்தான் உடையும்."

"அட!" நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சீரியல் மறுபடி ஆரம்பித்தது. சத்தத்தைக் கூட்ட மறந்துவிட்டாள். "அப்ப இவன் நூத்திப் பத்து எபிசோடா காலி வகுப்புல மேசையத் தட்டிட்டு இருக்கானா? தடிப்பய!"

சமையலறையிலிருந்து கணவன் எட்டிப் பார்த்தான். "சண்டை முடிஞ்சுதா?"

"உனக்குத் தாகம் தீந்துதா?" என்றாள் அக்கா.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை, மூன்று நாற்காலிகள். நடுவில் நிர்வாக அதிகாரி, அவர் பக்கத்தில் மூத்த டாக்டர், மூன்றாவதில் குறிப்பெடுக்கிற எழுத்தர். எதிரே ஒரு பக்கம் டைல்ஸ் கடைக்காரரின் மூத்த மகன். நாற்பது வயதுக்காரர், மூன்று வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தார். இன்னொரு பக்கம் அவளும் கப்பலும். பயிற்சிக்கூடத்திலிருந்து நெஞ்சு மட்டும் உள்ள பொம்மையையும் பழகுவதற்கான ஷாக் பெட்டியையும் கப்பல் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"இது எதுக்கு?" என்றார் அதிகாரி.

"சும்மா இருக்கட்டும் சார். துணைக்கு," என்றார் கப்பல்.

அவள் கையில் பெரிய நம்பிக்கை ஒன்று இருந்தது. அன்று ஓடிய இதயக் கோடு முழுவதும் பெட்டியின் நினைவில் பதிந்திருக்கும். அதை அச்சிட்டுத் தரச்சொல்லி மூன்று விண்ணப்பம் எழுதியிருந்தாள். முதல் இரண்டுக்கும் 'ஃபைல் மேல போயிருக்கு' என்பது பதில். குற்றம் சாட்டுவதற்கு ஒரு கடிதம் போதும். குற்றமில்லை என்று காட்டுவதற்கு, கையில் இருக்கிற சாட்சியைப் பார்க்கவே மூன்று விண்ணப்பம். எப்படியோ அன்று காலை அந்தக் காகிதம் வந்து மேசையில் கிடந்தது. நீளமான கட்டம் போட்ட தாள், நடுவில் கோடு. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஏற்ற இறக்கமே இல்லாத கோடு.

அதிகாரி அதைத் திருப்பி மகனிடம் காட்டினார். மகன் பார்த்தார். கோட்டின்மேல் விரலை ஓட்டினார்.

"இதான் சார்! இதத்தான் நானும் சொல்றேன். கோடு நேரா போகுது பாருங்க. இப்பத்தானே சார் ஷாக் குடுப்பாங்க?"

அதிகாரி தலையை ஆட்டினார். "ஆமா... நானும் பாத்திருக்கேன். கோடு நேரானதும்தான் குடுக்கறாங்க. ஏம்மா, இந்த நிலைமையிலயும் குடுக்கலையா?"

தன்னைக் காப்பாற்றும் என்று அவள் நம்பிய தாள் அவள் கண்ணெதிரே கட்சி மாறிவிட்டது. ஆத்திரம் வரவேண்டிய இடம், வந்ததோ ஆச்சரியம். ஒரு சீரியல் எத்தனை தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறது! இந்த அறையில் அதற்கென்று ஒரு நாற்காலிதான் போடவில்லை. முன்பெல்லாம் மந்திரவாதி கோலை நீட்டுவான், செத்தவன் எழுவான்; படித்தவர்கள் சிரிப்பார்கள். அதே கோலில் ஒரு ஒயரைக் கட்டிவிட்டால் போதும், படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

அவள் மூத்த டாக்டர் பக்கம் திரும்பினாள். அவர் வந்ததிலிருந்து பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"சார், உங்களத்தான் கேக்கறேன். இந்தக் கோட்டுக்கு நீங்க ஷாக் குடுப்பீங்களா?"

டாக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "குடுக்க மாட்டோம். நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது. அமுக்கணும், மருந்து குடுக்கணும்."

அதிகாரி திகைத்தார். "அப்ப நீங்க ஏன் இவ்வளவு நேரம் சொல்லல?"

"யாரும் கேக்கலயே."

கப்பல் கூரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். அது விசாரணைக் குறிப்பில் ஏறவில்லை.

அவள் காலி வகுப்புக் கதையைச் சொன்னாள். சொந்தச் சரக்கு இல்லை, வீட்டில் ஒரு டீச்சர் சொன்னது என்றும் சொன்னாள். மகன் கேட்டார், ஆனால் முகம் இளகவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். வேண்டாம்னு சொன்னது நீங்கதானே? என் காதால கேட்டேன்."

"ஆமா, நான்தான் சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு காட்டறேன். அண்ணே, போடுங்க."

கப்பல் பொம்மையைத் தரையில் கிடத்திப் பெட்டியைத் திறந்தார். பொத்தானை அழுத்தியதும் அந்த ஆங்கிலப் பெண்குரல், அவசரமில்லாமல், ஷாக் கூடாது என்றது. உடனே அவள் மண்டியிட்டு, அதே அடித்தொண்டையில்: "ஷாக் வேண்டாம்! நான் அமுக்குறேன்!"

சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எழுத்தரின் பேனா கீழே விழுந்தது. மகன் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"அது பேசுமா?"

"பேசும்."

"அன்னிக்கும் பேசுச்சா?"

"அஞ்சு தடவை. அஞ்சு தடவையும் நான் திருப்பிச் சொன்னேன். நீங்க எல்லாரும் அழுதுட்டு இருந்தீங்க, அது குரல் சன்னமா இருக்கும், கேட்டிருக்காது. என் குரல்தான் கேட்டிருக்கும். யார் சொன்னதத் திருப்பிச் சொல்றேன்னு நான் சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்."

பிறகு மகன், அதிகாரியை விட்டுவிட்டு, அவளிடம் நேராகக் கேட்டார். "நீங்க வர்றதுக்கு முன்னாடி... நாங்க என்ன பண்ணியிருக்கணும்?"

அவள் பையில் அன்றைய பிளாஸ்திரி இருந்தது. நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள். சரிந்தது பத்து பதினெட்டு என்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அழைப்பு வந்தது பத்து முப்பதுக்கு. போய்ச் சேர்ந்தது பத்து முப்பத்தியெட்டு. இருபது நிமிடம் அந்த நெஞ்சில் ஒரு கை படவில்லை. அந்த நோட்டை எடுத்து மேசையில் வீசியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். அந்த மகனும் அங்கேயே முடிந்திருப்பார். கப்பல் அவள் பையையே பார்த்தார். அவள் எடுக்கவில்லை. ஆனால் மகன் கேட்டுவிட்டாரே. கேட்டவருக்குப் பொய் சொல்லவும் அவளுக்குத் தெரியாது.

"உடனே எங்களக் கூப்பிட்டிருக்கணும். கட்டில்ல இருந்து தரையில இறக்கி, நெஞ்சு நடுவுல கைய வச்சு, நாங்க வர்ற வரைக்கும் அமுக்கியிருக்கணும்."

"நாங்க விசிறிட்டு இருந்தோம்." அவர் தரையில் கிடந்த பொம்மையைப் பார்த்தார். "அமுக்கியிருந்தா பிழைச்சிருப்பாரா?"

"தெரியாது."

"நீங்களே தெரியாதுன்னா..."

"அப்படி அமுக்கினதுல சில பேர் பிழைக்கறாங்க, பல பேர் பிழைக்கறதில்ல. உங்க அப்பா எந்தப் பக்கம் இருந்திருப்பார்னு யாராலயும் சொல்ல முடியாது. பிழைச்சிருப்பார்னு நான் சொன்னாலும் பொய், பிழைச்சிருக்க மாட்டார்னு சொன்னாலும் பொய். உங்களுக்கு யாரும் சொல்லித் தரல. நூத்திப் பத்து எபிசோடு ஓடுது, அதுல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பக்கத்துல நிக்கிறவங்க யாராவது கைய வச்சு அமுக்கற மாதிரி காட்டியிருக்காங்களா? நாயகன் வர்ற வரைக்கும் எல்லாரும் அழுதுட்டு நிக்கணும். அவ்வளவுதான் உங்களுக்குக் குடுத்த வேஷம்."

மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, நாற்காலியைத் தள்ளிவிட்டு பொம்மைக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.

"காட்டுங்க. எங்க கை வைக்கணும்?"

அவள் காட்டினாள். முழங்கை மடங்கக் கூடாது. இரண்டு அங்குலம் இறங்கணும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுக்க எழும்ப விடணும். "நான் நேரம் பாக்கறேன். ரெண்டு நிமிஷம். எண்ணுங்க."

அவர் எண்ணினார். முப்பது, அறுபது, எண்பது. நூறு வருவதற்குள் நெற்றியிலிருந்து வியர்வை பொம்மைமேல் சொட்டியது. நூற்றி இருபதில் கை தடுமாறியது. "எவ்வளவு ஆச்சு?"

"ஒரு நிமிஷம்."

"அவன் டிவில பேசிக்கிட்டே பண்றானே!" மூச்சுக்கும் அழுகைக்கும் நடுவில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. இரண்டாவது நிமிடத்தையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார். எழுத்தரிடம் பேனா வாங்கி, புகாரின் கீழே, தொடர விரும்பவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனபிறகு அதிகாரி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"ஏம்மா... நானும் ஒரு தடவை அமுக்கிப் பாக்கலாமா?"

பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. புகார் முடித்துவைக்கப்பட்டது, இனிவரும் காலங்களில் நோயாளியின் வீட்டில் மென்மையாகப் பேசுமாறு அறிவுறுத்தப்படுகிறது. கப்பல் அதை வண்டியில் வைத்து உரக்கப் படித்தார்.

"மென்மையாவா? பாட்டு மாதிரி பாடவா?" என்றாள் அவள்.

"நீ பாடினா அதுக்கு ஒரு புகார் வரும்."

அடுத்த வாரம் ஒரு தையல் பட்டறை. மத்தியான வேளை, மேசைகளுக்கு நடுவே ஒரு ஆள் சரிந்து கிடந்தார், பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். அவள் அமுக்கினாள். கப்பல் பட்டையை ஒட்டினார். பெட்டி சொன்னது. அவள் அதே அடித்தொண்டையில்தான் சொன்னாள். மென்மையெல்லாம் நெஞ்சை அமுக்குகிறவருக்குக் கட்டுப்படியாகாது. முன்னால் இரண்டு வார்த்தையும் பின்னால் ஒரு அழைப்பும் சேர்ந்திருந்தன.

"மிஷின் சொல்லுது, ஷாக் வேண்டாம்னு! நான் அமுக்குறேன்! நீங்க யாராவது ஒருத்தர் இங்க வந்து உக்காந்து, நான் எப்படி அமுக்குறேன்னு பாருங்க. ரெண்டு நிமிஷத்துல உங்க முறை!"

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற பெண் ஒருத்தி ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவிட்டு முன்னால் வந்து மண்டியிட்டாள்.